கன்னத்தில் இரண்டு விரல்: லோரான் கிளேர் என்ற ஆசிரியர்

காது கேளாதவர்களிடையே பெயர் என்பதும் ஒரு சைகைதான். ஒருவருடைய முகத்திலோ நடையிலோ பழக்கத்திலோ கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றைப் பிடித்து, அதையே பெயராக்கிவிடுவார்கள். லோரான் கிளேருக்கு வலக் கன்னத்தில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டிக் கன்னத்தை வருடினால் அவர் பெயர் வந்துவிடும். பாரிஸ் பள்ளியில் பையன்கள் வைத்த பெயர். கடல் தாண்டிப் போன பிறகும் சாகிற வரைக்கும் அதுவே அவர் பெயர். அமெரிக்கக் காது கேளாதோர் இன்றும் அவரை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவில் காது கேளாதோர் கல்வி எப்படித் தொடங்கியது என்று கேட்டால், தாமஸ் ஹாப்கின்ஸ் கல்லாடெட் என்ற பெயரைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அவர் காது கேட்டவர், இறையியல் படித்தவர், நல்ல மனிதர். அவர் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் அந்தக் கல்வியைத் தொடங்கிவைத்த ஹார்ட்ஃபோர்டுப் பள்ளியின் வகுப்பறைக்குள் நடந்ததைப் பார்த்தால், வேலையின் பெரும்பங்கைத் தோளில் சுமந்தவர் கிளேர். அவர் செய்ததில் எது பலித்தது, எங்கே முட்டி நின்றது என்பதுதான் இங்கே கேள்வி.

பன்னிரண்டு வயது வரை

1785 டிசம்பர் 26, தென்கிழக்கு பிரான்சில் லா பால்ம் என்ற சிற்றூர். அப்பா அந்த ஊரின் மேயர், வசதியான வீடு. ஒரு வயது இருக்கும்போது குழந்தை நாற்காலியிலிருந்து அடுப்புத் தீயில் விழுந்தது. கன்னம் வெந்தது. காது கேட்கவில்லை, வாசனையும் தெரியவில்லை. விபத்தால் காது போனதா, பிறவியிலேயே அப்படியா என்பது அவருக்கே கடைசிவரை நிச்சயமில்லை. ஏழு வயதில் அம்மா லியோன் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் இரண்டு வாரம் தினமும் காதுக்குள் ஏதோ திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஐந்து வருடம் யாரும் எதுவும் செய்யவில்லை. வான்கோழிகளையும் மாடுகளையும் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவதும், அப்பாவின் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதும்தான் பையனின் வேலை. ஒரு எழுத்துகூடச் சொல்லித்தரப்படவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். படித்த குடும்பத்தில் இப்படி என்றால், மற்ற வீடுகளில் எப்படி இருந்திருக்கும்?

1797-ல், அவருக்குப் பெயர் வைத்த மாமனே அவரைப் பாரிஸுக்கு அழைத்துப்போய் அரசு நடத்திய காது கேளாதோர் பள்ளியில் சேர்த்துவிட்டார். அப்போது வயது 12.

பாரிஸ்: இரண்டு ஆசிரியர்கள்

அந்தப் பள்ளியின் விதை பாதிரியார் தெ லெபே போட்டது. 1760-ஐ ஒட்டிப் பாரிஸில் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் சொல்ல ஆரம்பித்தவர் அவர். அவர் செய்த பெரிய காரியம் ஒன்று: ஏழைகள் தெருவில் பேசிக்கொண்ட சைகையைக் கேலியாகப் பார்க்காமல், அதிலேயே பாடம் நடத்தலாம் என்று நினைத்தார். ஒரு தவறும் செய்தார். அந்தச் சைகை பிரெஞ்சு இலக்கணத்தைப் போல இல்லையே என்று கவலைப்பட்டு, ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லுக்கும் விகுதிக்கும் காலத்துக்கும் தனித்தனிச் சைகை கட்டினார். 'முறைச் சைகைகள்' என்று அதற்குப் பெயர். 'நம்புகிறேன்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மனத்தால் ஆம் என்கிறேன், இதயத்தால் ஆம் என்கிறேன், வாயால் ஆம் என்கிறேன், கண்ணால் காணவில்லை' என்று நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டி, கடைசியில் இது வினைச்சொல் என்று ஒரு அடையாளம் வேறு. மேடையில் பார்க்க அற்புதமாக இருக்கும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பிள்ளைகள் அதில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார்கள். தங்களுக்குள் தங்கள் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள்.

கிளேர் வந்தபோது லெபே இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பாதிரியார் சிக்கார் பொறுப்பில் இருந்தார். இங்கே கிளேருக்கு இரண்டு விதமான ஆசிரியர்கள் வாய்த்தார்கள். இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருவர், வாயால் பேசக் கற்றுத்தர வந்த உதவி ஆசிரியர், பாதிரியார் மார்கரோன். கிளேரால் 'ட' என்பதன் வல்லொலியையும் மெல்லிய ஒலியையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தமிழ் எழுத்தில் அந்த இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். இடத்தைப் பார்த்து நாமே ஒலியை மாற்றிக்கொள்கிறோம், காதில் கேட்டுப் பழகியதால். கேட்காதவனுக்கு இரண்டும் நாக்கு ஒரே இடத்தில் படுகிற ஒரே அசைவு. கண்ணாடியில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. தொண்டையில் அதிர்வு உண்டா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. பொறுமை போன மார்கரோன், பையனின் தாடையில் கீழிருந்து ஓங்கி ஒரு அடி விட்டார். நாக்கு பற்களுக்கிடையில் சிக்கிக் கிழிந்தது. இனி வாயால் பேசவே மாட்டேன் என்று கிளேர் முடிவெடுத்தார். எண்பத்து மூன்று வயது வரை அதை மீறவில்லை.

இன்னொருவர் ழான் மாஸ்யூ. பிறந்த ஆறு பிள்ளைகளுக்கும் காது கேட்காத ஏழைக் குடும்பம். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். சிக்காரிடம் படித்து அங்கேயே ஆசிரியராகிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, தன்னைப் போன்றே காது கேளாத ஒரு பெரியவர் கரும்பலகை முன்னால் நின்று, தன் மொழியில், தனக்குப் புரிகிற வேகத்தில் பாடம் நடத்துகிறார். சம்பளமும் வாங்குகிறார். வான்கோழி ஓட்டிய பையனுக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அதற்கு முன்னால் யார் காட்டியிருப்பார்கள்? 1805-ஐ ஒட்டி கிளேரும் அதே பள்ளியில் துணை ஆசிரியரானார். பத்து வருடத்தில் உயர்ந்த வகுப்பு அவர் கையில் வந்தது.

ஹார்ட்ஃபோர்டில் ஒரு அப்பா

இதே காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட் நகரில் மேசன் காக்ஸ்வெல் என்ற அறுவை மருத்துவரின் மகள் ஆலிஸ் இரண்டு வயதில் காய்ச்சலில் செவியை இழந்தாள். பக்கத்து வீட்டுக்கு விடுமுறையில் வந்த இளைஞர் கல்லாடெட், தன் தொப்பியைக் காட்டி மண்ணில் குச்சியால் 'தொப்பி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். சிறுமி பிடித்துக்கொண்டாள். காக்ஸ்வெல் சும்மா இருக்கவில்லை. மாநிலத்தில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று பாதிரியார்கள் வழியாகக் கணக்கெடுத்தார். 84 பேர் தேறினார்கள். நண்பர்களிடம் பணம் திரட்டி 1815-ல் கல்லாடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்: போய்க் கற்றுக்கொண்டு வா.

இங்கிலாந்தில் அப்போது காது கேளாதோர் கல்வி பிரெய்ட்வுட் குடும்பத்தின் தொழில் ரகசியம். வாய்ப்பேச்சுதான் அவர்கள் முறை. மூன்று வருடம் உதவியாளனாக வேலை பார், முறையை வெளியே சொல்லாதே என்றார்கள். கல்லாடெட் மறுத்துவிட்டார். அந்தக் குடும்பம் அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் அமெரிக்கக் காது கேளாதோரின் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். ஒரு வியாபாரக் கணக்கில் ஒரு மொழியின் தலைவிதி இருந்தது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அதே ஆண்டு நெப்போலியன் திரும்பி வந்ததால் சிக்கார், மாஸ்யூவையும் கிளேரையும் கூட்டிக்கொண்டு லண்டனில் இருந்தார். கூட்டம் கூட்டி, பார்வையாளர்கள் கேட்கும் கேள்விக்கு இரண்டு பேரும் பலகையில் பதில் எழுதிக் காட்டுவார்கள். காது கேளாதவர்கள் தங்களைத் துரதிர்ஷ்டசாலிகளாக நினைக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். இல்லவே இல்லாத ஒன்றை இழந்ததாக யாரும் வருந்துவதில்லை என்ற பொருளில் கிளேர் எழுதினார். கல்லாடெட் அங்கேதான் அவர்களைப் பார்த்தார். 1816 வசந்தத்தில் பாரிஸ் வந்து அந்த மூவரிடமும் பாடம் கேட்டார். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு விஷயம் தெரிந்தது: இந்த மொழி இவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. முறையை எடுத்துப்போவதைவிட ஆளையே கூட்டிப்போவது மேல்.

கிளேருக்கு வயது முப்பது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. சிக்காருக்கும் தன் சிறந்த ஆசிரியரை விட மனமில்லை, கடைசியில் ஒப்புக்கொண்டார். மூன்று வருட ஒப்பந்தம், ஆண்டுக்கு 2,500 பிராங்க் சம்பளம். கத்தோலிக்கரான அவரைத் தன் மதத்துக்கு மாறாக எதையும் கற்பிக்கச் சொல்லக்கூடாது என்றும் அதில் ஒரு பிரிவு இருந்தது.

கப்பலில் 52 நாள்

1816 ஜூன் 18 அன்று புறப்பட்ட பாய்மரக் கப்பல் 52 நாள் கழித்து நியூயார்க் சேர்ந்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கல்லாடெட் கிளேருக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். கிளேர் கல்லாடெட்டுக்குச் சைகை சொல்லித்தருகிறார். கிளேர் தினமும் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினார். கல்லாடெட் திருத்திக் கொடுத்தார். அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. ஒருவர் உதவுபவர், மற்றவர் உதவி பெறுபவர் என்ற ஏற்பாடே அந்தக் கப்பலில் இல்லை. இரண்டு பேருக்கும் மற்றவரிடம் இருந்தது தேவைப்பட்டது.

இறங்கியதும் பள்ளி இல்லை, பணமும் போதவில்லை. பாஸ்டன், ஆல்பனி, பிலடெல்பியா என்று மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போனார்கள். கிளேர் எழுதிய உரையைக் கல்லாடெட் வாசிப்பார். கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்பார்கள். கிளேர் அந்த இடத்திலேயே, சில மாதமே ஆன ஆங்கிலத்தில், பதில் எழுதுவார். காசு கேட்கிறவரே பொருளையும் காட்டிவிடுகிறார். காட்சிப் பொருளாக நிற்க வேண்டியிருந்தது என்ற நெருடல் இதில் இல்லாமல் இல்லை. ஆனால் 'இவர்களுக்குப் படிப்பு ஏறுமா' என்ற சந்தேகத்தை வேறு எந்த வாதமும் அவ்வளவு சீக்கிரம் உடைத்திருக்காது. கனெக்டிகட் சட்டமன்றம் 5,000 டாலர் ஒதுக்கியது. 1819-ல் நாடாளுமன்றம் 23,000 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதை விற்ற பணம்தான் பள்ளிக்கு நெடுங்காலச் சோறு போட்டது.

ஏழு பேர்

1817 ஏப்ரல் 15. ஹார்ட்ஃபோர்டில் ஒரு விடுதிக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த அறைகள். ஏழு மாணவர்கள். ஒருத்தி ஆலிஸ் காக்ஸ்வெல், வயது 11. இன்னொருவர் ஜான் புரூஸ்டர், ஊர் ஊராகப் போய்ப் பணக்கார வீடுகளில் உருவப்படம் வரைந்து பிழைத்த ஓவியர். அவர் அப்போதே ஐம்பதைத் தொட்டவர். பேர் வாங்கிய கலைஞர். அந்த வயதில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிறுவர்களோடு உட்கார்ந்து மூன்று வருடம் படித்தார். அவ்வளவு நாள் எதற்குக் காத்திருந்தார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வகுப்பில் கிளேர் வைத்திருந்த கருவிகள் நான்கு: பாரிஸிலிருந்து கொண்டுவந்த சைகை, ஒரு கையால் எழுத்துகளைக் காட்டும் விரல் எழுத்து, கரும்பலகை, அப்புறம் லெபே விட்டுச்சென்ற முறைச் சைகைகள். பொருளைச் சைகையில் பேசிப் புரியவைத்து, அந்தச் சொல்லை விரலில் எழுத்துக்கூட்டி, பலகையில் எழுதி, மாணவனை வாக்கியமாக எழுதச் சொல்வது நடைமுறை. நான்காவது கருவி நாளடைவில் தானாக உதிர்ந்தது. 1830-களுக்குள் ஹார்ட்ஃபோர்டில் முறைச் சைகைகள் வழக்கொழிந்தன. குழந்தைகள் விடுதியிலும் சாப்பாட்டு மேசையிலும் பேசிய மொழிதான் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த மொழி கிளேர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகை மட்டும் அல்ல. மார்த்தாஸ் வின்யார்ட் தீவிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே தலைமுறையாக இருந்த சைகையோடு வந்தார்கள். அந்தத் தீவில் பரம்பரைச் செவிடு அதிகம். அதனால் காது கேட்கிற அக்கம்பக்கத்தாரும் சைகை பேசினார்கள். மற்ற பிள்ளைகள் வீட்டில் அம்மாவோடு உருவாக்கிய சைகைகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் ஒரே விடுதியில் கலந்து, இன்றைய அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் லண்டனிலிருந்து வரும் காது கேளாதவருக்கு நியூயார்க் காது கேளாதவரின் சைகை புரியாது. பாரிஸிலிருந்து வருபவருக்குப் பல சைகைகள் பழகியவையாகத் தெரியும். ஒரு கப்பல் பயணத்தின் தடம் அது.

அவருடைய இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது: ஆசிரியர்களை உருவாக்குவது. காது கேட்கிற இளம் ஆசிரியர்கள் அவரிடம் வந்து சைகை கற்றார்கள். கென்டக்கியில் பள்ளி தொடங்கியபோது அதன் ஆசிரியர் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்து படித்துவிட்டுப் போனார். 1821-22-ல் பிலடெல்பியா பள்ளி தடுமாறியபோது கிளேரே ஏழு மாதம் போய்ப் பொறுப்பில் இருந்து நிமிர்த்திவிட்டு வந்தார். ஹார்ட்ஃபோர்டில் படித்த வில்லியம் வில்லார்ட் 1843-ல் இண்டியானாவில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். மாஸ்யூ கிளேருக்குக் காட்டியதைக் கிளேர் இவர்களுக்குக் காட்டினார்.

தன் மாணவியாக இருந்த எலிசா போர்ட்மனை 1819-ல் மணந்தார். காது கேளாத இருவர் மணந்தால் பிள்ளைகளும் அப்படிப் பிறக்கும் என்று அன்று பயந்தவர்கள் உண்டு. பிறந்த ஆறு குழந்தைகளுக்கும் காது கேட்டது. மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்கு விடுமுறையில் போய்வந்தாரே தவிர நிரந்தரமாகத் திரும்பவில்லை. 1858 வரை, 41 வருடம், அதே பள்ளியில் கற்பித்தார்.

உட்காராத நாற்காலி

கல்லாடெட் 1830-ல் விலகினார். அடுத்த தலைவர் யார்? அன்று அமெரிக்காவில் காது கேளாதோருக்குக் கற்பிப்பதில் கிளேரைவிட அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை. பொறுப்பு லூயிஸ் வெல்டுக்குப் போனது. 1853-ல் வில்லியம் டர்னர். 1863-ல் காலின்ஸ் ஸ்டோன். மூவரும் காது கேட்டவர்கள். சட்டமன்றத்தோடும் நன்கொடையாளர்களோடும் பேசக் காது கேட்கிற ஒருவர்தான் தேவை என்று அன்றைய நிர்வாகிகள் நினைத்திருக்கலாம். ஆனால் சட்டமன்றத்திடமும் நன்கொடையாளர்களிடமும் முதன்முதலில் பணம் வாங்கித் தந்ததே கிளேரின் பலகையும் சுண்ணாம்புக் கட்டியும்தான்.

இதுதான் இந்த வாழ்க்கையில் முட்டி நின்ற இடம் என்று நினைக்கிறேன். காது கேளாதவர் ஆசிரியராகலாம் என்று பள்ளி ஒப்புக்கொண்டது. தலைமை தாங்கலாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிரியர் வேலை யார் கையில் இருக்கிறது என்பதைத் தலைமைதான் முடிவு செய்கிறது. அந்த விரிசல் கிளேர் இருந்தவரை வெளியே தெரியவில்லை.

மாணவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. 1850 செப்டம்பரில் பழைய மாணவர்கள் பல மாநிலங்களிலிருந்து ஹார்ட்ஃபோர்டில் கூடினார்கள். தங்களுக்குள் பணம் திரட்டிச் செய்த வெள்ளிக் கூஜாக்களைக் கொடுத்தார்கள், கல்லாடெட்டுக்கு ஒன்று, கிளேருக்கு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் பிரான்சிலிருந்து புறப்படும் கப்பல், அலைகளுக்கு அப்பால் ஹார்ட்ஃபோர்டுப் பள்ளி. மறு பக்கம் வகுப்பறை. முன்புறத்தில் சிக்காரின் முகம்.

பிறகு

1864-ல் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரிக்கு லிங்கன் கையெழுத்திட்டார். அதன் தலைவர் கல்லாடெட்டின் மகன் எட்வர்ட். அம்மா சோபியா, ஹார்ட்ஃபோர்டின் பழைய மாணவி என்பதால் அவருக்குச் சைகை தாய்மொழி போல. தொடக்க விழாவில் உரையாற்றியவர்களில் 78 வயது கிளேரும் ஒருவர். 1869 ஜூலை 18 அன்று ஹார்ட்ஃபோர்டில் இறந்தார்.

பதினொரு வருடம் கழித்து, 1880 செப்டம்பரில், இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையைவிட வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டது. 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வாய்ப்பேச்சுதான் பாடம் என்றானதும் காது கேளாத ஆசிரியருக்கு வகுப்பறையில் வேலை இல்லாமல் போனது. கிளேர் இறந்த காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் பத்தில் நான்கு ஆசிரியர்கள் காது கேளாதவர்கள். முதல் உலகப் போர் சமயத்தில் அது ஏழில் ஒருவர் அளவுக்குச் சரிந்தது. மார்கரோனின் வகுப்பறை இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். கையைக் கட்டி உட்காரச் சொன்ன பள்ளிகளிலும் பிள்ளைகள் விடுதியில் விளக்கடியில் சைகை பேசிக்கொண்டார்கள். மொழி அதனால்தான் தப்பியது. 1960-ல் வில்லியம் ஸ்டோகோ என்ற ஆய்வாளர் அது முழு இலக்கணமுள்ள மொழிதான் என்று நிறுவத் தொடங்கினார். மிலான் தீர்மானத்தை அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு 2010-ல் வான்கூவரில் நிராகரித்தது.

தலைவர் நாற்காலி அதற்கு முன்பே ஒருமுறை பிரச்சினையானது. 1988 மார்ச்சில் கல்லாடெட் பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் காது கேட்கிற ஒருவரையே தலைவராக அறிவித்தார்கள். மாணவர்கள் வாயிற்கதவுகளை அடைத்துப் பல்கலைக்கழகத்தை நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் அவர் விலகினார். கிங் ஜோர்டன் காது கேளாத முதல் தலைவரானார். கிளேர் உரையாற்றிய அந்தத் தொடக்க விழாவிலிருந்து எண்ணினால் 124 வருடம். ஜோர்டனும் பிறவியில் காது கேட்டவர்தான். 21 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் செவியை இழந்தவர்.